60 ரூபாய் பாக்கெட்டும் 70 ரூபாய் பச்சை மொச்சையும்

வணக்கம் மக்களே. முதலில் இந்தப் பாக்கெட்டைப் பாருங்கள். உரித்த பச்சை மொச்சை, கால் கிலோ 60 ரூபாய். நேற்று சாயங்காலம் வீட்டுப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினேன். பச்சை மொச்சையே இல்லை இது! காய்ந்த மொச்சையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பையில் கட்டியிருக்கிறார்கள். நகத்தால் அழுத்தினால் தோல் ரப்பர் மாதிரி வழுக்குகிறது, உள்ளே வெள்ளை மாவு. பச்சைக் கொட்டையில் நகம் சட்டென்று இறங்கும், உள்ளே இளம்பச்சை தெரியும். இதில் லேசாகப் புளித்த வாடை வேறு. அவ்வளவு கோபம் எனக்கு.

காலையில் 6 மணிக்கே எங்கள் சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போய்விட்டேன். மார்கழிப் பனியில் விளைந்த காய், கிலோ 70 ரூபாய். தொட்டால் கை பிசுபிசுவென்று ஒட்டுகிறது பாருங்கள். அந்தப் பிசுக்கில்தான் மொச்சை வாசமே இருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன், இன்னும் விரலில் மணக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்த வாசம் எதுவும் கிடையாது.

வந்ததும் உரித்து நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ காயில் 460 கிராம் கொட்டை. அப்படியென்றால் கால் கிலோ 38 ரூபாய்தான் ஆகிறது. ஊறவைத்த கொட்டைக்கு 22 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன்! உரிக்க 25 நிமிடம் ஆனது, அவ்வளவுதான். தயவுசெய்து காயாகவே வாங்குங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். குக்கர் வேண்டாம். பச்சைக் கொட்டையில் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் குழம்புக்கு ஊறவைக்கவும் தேவையில்லை. ஒரு விசில் விட்டாலே தோல் வெடித்துக் கரைந்துவிடும். நம்ம மண்சட்டியில் மூடாமல் வேகவையுங்கள். இரண்டு கொட்டையைக் கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், நடுவில் கரகரப்பே இருக்கக் கூடாது.

"தோல் கடித்துக்கொண்டே இருக்கிறது" என்று போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். காரணம் புளி. புளிப்புப் பட்டால் கொட்டை அதற்கு மேல் மெத்தென்று ஆகாது. முதலில் முழுதாக வேகட்டும், அப்புறம் கத்தரிக்காய், கடைசியில் புளிக்கரைசல்.

இன்னொரு காரணம் தண்ணீர். இன்றைக்கு இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர், ஒன்றில் எங்கள் வீட்டு போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஒரே காய், ஒரே தீ. மேட்டூர் தண்ணீரில் 20 நிமிடத்தில் வெந்தது, போர் தண்ணீரில் 35 நிமிடம் ஆகியும் தோல் விறைப்பாகவே நின்றது. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் தோலை இறுக்கிவிடுகிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் மொச்சைக்கென்று பிடித்து வையுங்கள்.

ஐயோ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். உரிக்கும்போது ருசி பார்க்கிறேன் என்று பச்சையாக வாயில் போடாதீர்கள், குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். மொச்சையிலும், ஏற்காடு வீடியோவில் காட்டினேனே அந்த டபுள் பீன்ஸிலும், சயனைடு உண்டாக்கக்கூடிய பொருள் கொஞ்சம் இருக்கிறது. திறந்த சட்டியில் நன்றாகக் கொதித்தால் பயமில்லை. சட்டியை மூடாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

குழம்புக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காயோடு சீரகம் அரைத்தது, இவ்வளவு போதும். கரம் மசாலா போடாதீர்கள். மொச்சை வாசத்தையே அது அமுக்கிவிடும், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

காயில் மஞ்சள் பாய்ந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது தோலைப் பிதுக்கி எடுக்கும் பிதுக்குப் பருப்புக்கு. முற்றிய கொட்டை என்பதால் அதை மட்டும் ஊறப்போட்டிருக்கிறேன். இதோ, ஒன்று ஊறிவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து... பார்த்தீர்களா! தோல் கையிலேயே நின்றது, பருப்பு கிண்ணத்தில் இரண்டாகப் பிளந்து விழுந்தது. அம்மா இதை ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே செய்வார். மீதியை நாளைக் காலையில் அம்மாவோடு உட்கார்ந்து பிதுக்குகிறேன், கேமராவைப் பக்கத்தில் வைக்கிறேன், வந்துவிடுங்கள்.