மூன்று ஓடுகளும் ஒரு சீமெந்துப் பூச்சும்

வணக்கம் நேயர்களே. திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் பெரியம்மாவின் செங்கல் பங்களாவைச் சென்ற காணொளியில் விறாந்தையோடு நிறுத்தியிருந்தேன். இன்று மகிழ்ச்சியோடும் கோபத்தோடும் வந்திருக்கிறேன். மகிழ்ச்சியை முதலில் சொல்கிறேன்: மூன்று ஓடுகளும் கிடைத்துவிட்டன.

எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற மாரியில் விறாந்தைக் கூரையின் மூன்று ஓடுகள் உடைந்து, மழைநீர் சுவரில் இறங்கத் தொடங்கியது. புதிய ஓடு வாங்கிப் போட்டால் அதன் விளிம்பு பழைய ஓட்டின் பள்ளத்துக்குள் சரியாக உட்காரவில்லை; அந்தச் சிறிய இடைவெளி போதும், கச்சான் காற்று அடியில் புகுந்து ஓட்டைக் கிளப்பிவிடும். கடை கடையாக அலைந்த பின்னர், இடித்த வீடொன்றின் வளவில் குவித்திருந்த ஓடுகளுக்குள் மூன்றைப் பொறுக்கியெடுத்தேன். ஒன்று 200 ரூபா, மூன்றும் 600 ரூபா. பேரம் பேசாமல் நான் எதையும் வாங்குவதில்லை. அன்று ஒரு சொல்லும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டேன்.

கழுவித் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ சபையான பாசல் மிஷனின் பெயரும் 1865 என்ற எண்ணும் பதிந்திருந்தன. அது மங்களூரில் மிஷன் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அன்று. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பனியின் கைக்குப் போய்விட்டதால், மிஷன் பெயர் உள்ள ஓடுகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. பெரியம்மா வீட்டு ஓடுகளிலும் இதே முத்திரைதான். 1927இல் திருகோணமலைக்கு ரயில் வருவதற்கு முன்பே வீடு எழும்பிவிட்டது என்று அவர் சொல்லிவந்ததோடு இது ஒத்துப்போகிறது. ஏணியில் ஏறி நானே மாட்டினேன். மூன்றும் பள்ளத்தில் அச்சாக இறங்கின.

கோபம் சுவரைப் பற்றியது. ஈரம் பட்ட இடத்தைச் சீமெந்து பூசி மூடிவிடலாம் என்று வேலைக்கு வந்தவர் சொன்னார். செங்கற்சுவரில் சீமெந்துப் பூச்சை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். மழையில் குடித்த ஈரத்தை அந்த மென்மையான சாந்து வெயிலில் வெளியே விட்டுவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்தால், ஈரத்தில் கரைந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதன் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். சமையலறைப் பக்கம் முன்பு எவரோ பூசிய ஒரு துண்டைப் பெயர்த்தேன். பின்னாலிருந்த செங்கல் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது, ஓரமெல்லாம் வெள்ளை உப்பு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சென்ற காணொளியில் சுவரின் தடிப்பு 9 அங்குலம் என்றேன், அது தவறு. யன்னலோரத்தில் அளந்தேன்: 14 அங்குலம். ஒரு வரி நெடுக்குக் கல், அடுத்த வரி குறுக்குக் கல் என்று மாறி மாறி அடுக்கியிருக்கிறார்கள்; குறுக்குக் கற்கள்தான் சுவரின் உள்ளையும் வெளியையும் பிணைத்துப் பிடிக்கின்றன. யன்னலுக்கு மேலே கொங்கிறீற் கிடையாது. ஆப்பு வடிவில் சீவிய செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி வளைவாக நின்று, மேற்சுவரின் பாரத்தை இருபுறமும் இறக்குகின்றன. இந்த வீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த வளைவுதான்.

சுண்ணாம்பை நீற்றிப் பின்வளவுத் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறவிட்டிருக்கிறேன். அது வெண்ணெய் போலப் பதமானதும், மிச்சமுள்ள சீமெந்தை உளியால் எடுத்துவிட்டு, செங்கல் இடுக்குகளை உங்கள் முன்னால் நிரப்புகிறேன்.