தோற்றுக்கொண்டே இருந்தால் அணி தானாகத் தேறிவிடுமா?

சரி, அடுத்த கேள்வி. என்.எச்.எல். என்பது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், அதில் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். "என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் கடைசியில் கிடக்கும் அணிகளுக்குத்தானே டிராஃப்ட்டில் முன்னுரிமை? இரண்டு மூன்று வருஷம் தோற்றுவிட்டு நல்ல பையன்களாக எடுத்துக்கொண்டால் போதாதா? எத்தனை வருஷம் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. கடைசி இடத்தில் முடித்தாலும் முதல் தேர்வு கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, முதலில் எடுப்பது யார் என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்யும் லாட்டரி இருக்கிறது. அதிர்ஷ்டம் அடித்தாலும் என்ன ஆகும் என்பதற்கு எட்மன்டன் ஆயிலர்ஸ் இருக்கிறது. 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று முறை முதல் தேர்வு. ஹால், நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், யாகுபோவ், மூவருமே முன்கள ஆட்டக்காரர்கள். பின்னால் தடுக்க ஆள் போதவில்லை, பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2006க்குப் பிறகு பத்து சீசன், ஸ்டான்லி கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப் பக்கமே போகவில்லை. கடைசியில் 2016ல் ஒரு தடுப்பாட்டக்காரருக்காக ஹாலையே கொடுக்க வேண்டி வந்தது.

இப்போது கொலராடோ அணியைப் பாருங்கள். 2016-17ல் 82 ஆட்டத்தில் வெறும் 48 புள்ளி. லாட்டரியிலும் கைவிட்டுப்போய் நாலாவது இடத்துக்கு இறங்கினார்கள். அந்த நாலாவது தேர்வில் வந்தவர்தான் பின்னாளில் நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரான கேல் மக்கார்! அதைவிட எனக்குப் பிடித்தது, முதல் வருஷமே இப்படித் தோற்ற பயிற்சியாளர் பெட்னரை அவர்கள் அனுப்பிவிடவில்லை. அப்புறம், முன்கள ஆட்டக்காரர் டுஷேனை விற்ற விதம். மாதக்கணக்கில் பேச்சு அடிபட்டும் பொது மேலாளர் ஜோ சாக்கிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவில்லை. 2017 நவம்பரில் ஒரு ஆட்டத்தின் நடுவே டுஷேனை வெளியே கூப்பிட்டார்கள், பேரம் முடிந்திருந்தது. பதிலுக்கு வந்தவர் தடுப்பாட்டக்காரர் சாமுவேல் ஜிரார்ட், கூடவே ஒட்டாவா அணியின் முதல் சுற்றுத் தேர்வு. அந்தத் தேர்வில் 2019ல் எடுத்தவர் போவன் பைராம். 2022ல் கோப்பை தூக்கிய அணியில் இருவரும் உண்டு, பயிற்சியாளரும் அதே பெட்னர்.

ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உள்ள வரம்பையும் மறக்கக்கூடாது. கொலராடோவின் நட்சத்திர ஆட்டக்காரர் மெக்கின்னன் 2016ல் ஆண்டுக்கு 63 லட்சம் டாலர் சராசரியில் ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டார். அவர் உச்சத்துக்குப் போனபோதும் அதே கணக்குதான், மிச்சத்தில் மற்றவர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. இதில் பாதி சாமர்த்தியம், பாதி யோகம்.

ஆள் தேடும் ஸ்கவுட்டுகளின் திறமை பின் சுற்றுகளில்தான் தெரியும். டாம்பா பே 2020லும் 2021லும் கோப்பை வென்றபோது ஸ்டாம்கோஸ், ஹெட்மன் என்று மேலே எடுத்தவர்கள் இருந்தார்கள், சரி. ஆனால் குச்செரோவ் 58ஆவது தேர்வு, பாயின்ட் 79ஆவது, பலாட் 208ஆவது. இவர்களை எடுக்கக் கடைசி இடத்தில் கிடக்க வேண்டியதே இல்லை.

எத்தனை வருஷம் என்றால், அடிமட்டத்திலிருந்து கோப்பைக்குக் கொலராடோவுக்கு ஐந்து. மெக்கின்னன், லாண்டஸ்கோக், ரான்டனென் மூவரும் ஏற்கெனவே கையில் இருந்த அணி அது. வெறுங்கையோடு ஆரம்பிப்பவர்கள் ஐந்தில் முடியும் என்று ரசிகர்களிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.