ஒரு சொட்டுத் தண்ணீர்
(ஈரோட்டில் தபசு காலக் கூட்டம் ஒன்றில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, சபைச் செயலர் ஐயா அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்த கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, பந்தல் போட இடம் கொடுத்துவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்துத் தறிப்பட்டறை ஐயா அவர்களே! ஐயா மாரியம்மன் கோயில் நிர்வாகத்திலும் இருப்பவர். அதனால் அவருக்கு மட்டும் இன்னொரு வணக்கம். எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நரகம் எதற்கு, இரட்சிப்பு எதற்கு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்ல வந்தேன். நரகம் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அது எதற்காக இருக்கிறது, அதிலிருந்து மீள்வதைப் பற்றிச் சபைகள் எப்படி எப்படிச் சொல்கின்றன.

இயேசு சொன்ன சொல் கெஹென்னா. எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. பெற்ற பிள்ளைகளையே அங்கே தீயில் போட்டார்கள் என்று எரேமியா 7ஆம் அதிகாரம் சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் இந்தச் சொல் வருகிறது. அதில் 11 இயேசுவின் வாயிலிருந்து. ஆக, நரகத்துக்குப் பெயர் கிடைத்ததே மனுஷன் தன் கையால் மூட்டிய நெருப்பிலிருந்துதான். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள் நம் பெரியவர்கள்.

சரி, அது எதற்காக? மத்தேயு 25ஐத் திருப்புங்கள். 'பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும்' ஆயத்தமான அக்கினி என்றுதான் எழுதியிருக்கிறது. மனுஷனுக்கென்று கட்டிய வீடில்லை அது. பிறகு அவன் ஏன் அங்கே போனான்? காரணம் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. தாகமாயிருந்தேன், நீங்கள் என் தாகத்தைத் தீர்க்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்திரை வெயில். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு கல்யாண வீட்டுக்கு அம்மாவும் நானும் நடந்து போகிறோம். பஸ்ஸுக்குக் காசில்லை. பாதி வழியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ரோட்டோரம் ஒரு தோட்டத்துச் சாளை. வாசலில் வேப்பமரம், கட்டுத்தரையில் நாலு மாடு, தொட்டி நிறையத் தண்ணீர். 'கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா' என்று கேட்டேன். உள்ளேயிருந்து வந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, என் அம்மாவைப் பார்த்தார். 'எந்த ஊரு? யாரு வூட்டுப் பையன்?' என்றார். அம்மா சொன்னார். செம்பு வந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. குனியச் சொல்லி, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார். பாதி என் சட்டையில் போனது. மாடு தொட்டியிலேயே வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஞாயிறு பள்ளியில் நரகத்தின் படம் காட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு ஓடிவந்து, அம்மாவைப் பெற்ற அம்மிச்சியிடம், 'அம்மிச்சி, அந்தச் சாளைக்காரம்மா நரகத்துக்குத்தான் போகும்' என்றேன். அம்மிச்சி முறத்தைக் கீழே வைத்தார். 'ஏஞ்சாமி, பணக்காரன் ஒரு சொட்டுத் தண்ணிக்குக் கெஞ்சறப்போ லாசரு சிரிச்சான்னு பைபிள்ல எழுதியிருக்குதா?' என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். நாற்பது வருஷமாக லூக்கா 16ஐப் படிக்கிறேன். தன் வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கவனிக்காத பணக்காரன், செத்தபின் பாதாளத்தில் வெந்துகொண்டு, லாசருவை மடியில் வைத்திருக்கும் ஆபிரகாமிடம் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுகிற உவமை அது. லாசரு அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் எங்கள் சந்து முனையில் அம்மிச்சி ஒரு பானை வைத்தார். சாகும்வரை அது வற்றவில்லை.

அந்த உவமையில் நடுவே ஒரு பெரும்பிளப்பு இருக்கிறது, யாரும் கடக்க முடியாது என்று ஆபிரகாம் சொல்கிறார். அந்தப் பிளப்பு பாதாளத்தில் வெட்டியது என்றா நினைக்கிறீர்கள்? பணக்காரன் வீட்டு வாசற்படியிலேயே வெட்டியாகிவிட்டது. லாசரு அங்கேதானே கிடந்தான்? தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். அப்படிச் சுட வேண்டியதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, சிலுவையில் 'தாகமாயிருக்கிறேன்' என்றாரே ஒருவர், அதைத்தான் நாம் இரட்சிப்பு என்கிறோம். அது கிருபை, கூலி இல்லை. ஆனால் கிருபை வந்த வீட்டு வாசலில் தண்ணீர் இருக்கும்.

மூன்றாவது விஷயம் பெரிது. கடைசியில் எல்லாமே கடவுளிடம் திரும்பும் என்று 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற திருச்சபை அறிஞர் நம்பினார்; தண்டனை நித்தியமானது என்று அவருக்குப் பின் வந்த ஆயர் அகஸ்டீன் வாதாடினார். கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது செத்தபின் ஆத்துமா சுத்தமாகிற இடம், உண்டு, நமக்கு இல்லை. அதைத் தந்தை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

எனக்கு வேறொன்று கேட்க வேண்டும். பங்குனி பிறந்துவிட்டது. இந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சாயப்பட்டறைக்கும் தறிக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் வாசல் வழியாகத்தான் நடக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மண்பானை வையுங்கள். மூடி போட்டு, தினமும் கழுவி, பக்கத்தில் ஒரு டம்ளர். யார் வந்தாலும் அதே டம்ளர். தனி டம்ளர் வைப்பதாக இருந்தால் பானையே வேண்டாம், தயவுசெய்து. தறிப்பட்டறை ஐயா தம் பட்டறை வாசலில் இரண்டு பானை வைப்பதாக மேடை ஏறும்போதே என்னிடம் சொல்லிவிட்டார். சபையார் பெயர் கொடுக்க வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. பானை வாங்க முடியாதவர்களுக்கு நான் வாங்கித் தருகிறேன்.