ஸ்டவ் பைப்பு செவந்துபோனா மொதல்ல பேஃபிள பாருங்க

வணக்கம் மக்களே, காட்பாடில இருந்து விடியகாத்தாலயே கெளம்பி பதினாலு வளைவும் ஏறி வந்து, இப்போ ஏலகிரி அத்தனாவூர்ல எங்க மாமா வீட்ல இருக்கேன். மார்கழி குளிருக்குன்னு நம்ம ஒர்க்‌ஷாப்லயே அடிச்சு குடுத்த விறகு ஸ்டவ் இதான். நேத்து ராத்திரி மாமா போன் பண்ணி "டேய், பைப்பு செவந்துபோச்சுடா"ன்னாரு, எனக்கு தூக்கமே வரல.

நல்லா ஆறிடுச்சு, உள்ள டார்ச் அடிக்கிறேன் பாருங்க. மேல படுத்தாப்ல ஒரு தகடு கீது இல்ல, இதான் பேஃபிள். இது இல்லன்னா நெருப்பு நேரா பைப்புக்குள்ள ஓடிடும், இது மறிக்கறதாலதான் புகை முன்பக்கம் சுத்திக்கினு போவுது, அந்த சுத்துலயே மிச்ச புகையும் எரிஞ்சி சூடு ரூம்ல நிக்குது. இப்போ நடுவுல தொங்கி, ஓரத்துல சந்து வுட்டுடுச்சு.

ஏன்னா வேலிகாத்தான் கட்டை, நல்லா காஞ்சது, வாய் வரைக்கும் அடைச்சி கதவ லேசா தொறந்தே வச்சிருக்காங்க. இரும்பு இருட்டுல செவப்பா தெரிஞ்சாலே கிட்டத்தட்ட 500 டிகிரி மக்களே. அரை மீட்டர் தகடு அந்த சூட்டுல மூணு மில்லி நீளும், நாங்க ரெண்டு பக்கமும் வெல்டிங் வச்சிட்டோம், நீள எடமில்லாம வளைஞ்சிடுச்சு. அது எங்க தப்புதான். இந்த தடவ ஆங்கிள் மேல சும்மா உக்கார வச்சி, ரெண்டு பக்கமும் கேப் வுட்டுருக்கேன்.

இரும்பு தகடுக்கு பதிலா வெர்மிகுலைட்னு ஒரு கல்லுல செஞ்ச பலகையும் போடலாம், அந்த கல்லு நம்ம திருப்பத்தூர் சேவாத்தூர்லயே வெட்டி எடுக்கறாங்க. சூட்டுக்கு வளையாது, ஆனா கட்டைய தூக்கி எறிஞ்சா ஒடஞ்சிடும், மெதுவா வைக்கணும்.

பேஃபிள் மேல சாம்பல் இவ்ளோ ஏறியிருந்தது, ஒரு மொறம் வரும். அத தள்ளலன்னா புகைக்கு வழியில்லாம வீட்டுக்குள்ள திரும்பிடும். அப்புறம் கதவுல பேப்பர சொருவி சாத்தி இழுங்க, வழுக்கிக்கினு வந்தா கதவு ஓரத்துல காத்து போவாம அடைக்கிற கயிறு போச்சு, காத்து உள்ள போயி நெருப்பு அடங்காது.

செவந்துபோச்சுன்னா தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, தயவுசெஞ்சு. ஆவி மூஞ்சில அடிக்கும், வார்ப்பு இரும்புன்னா வெடிச்சிடும். கதவ சாத்தி, காத்து தட்டிய மூடிடுங்க. பைப்புக்குள்ள கொறகொறன்னு எரியற சத்தம் கேட்டா எல்லாரும் வெளிய வந்துட்டு 101 போடுங்க.

பைப்புல இந்த காந்த மீட்டர் ஒட்டிட்டேன், 120 டிகிரிக்கு கொறஞ்சா பைப்புக்குள்ள தார் மாதிரி கீல் பிடிக்கும், 240 தாண்ட வுடக்கூடாது. இப்போ ரெண்டே கட்டை வச்சி பத்த வைக்கிறேன்... முள்ளு ஏறுது பாருங்க, தொண்ணூறு, நூத்திப்பத்து... மாமா, கதவு கிட்ட போவாதீங்க, நானே சாத்தறேன்.