பட்டிப் பொங்கல்: பதினாறு விருந்தாளிகள், பதினொரு மாடுகள்

வணக்கமுங்க. இந்த வீடியோவில் கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் பேசுவேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். மணி நாலேகால். உள்ளே ஆசாரம் என்கிற கூடத்தில் பவானி ஜமுக்காளத்தை விரித்துப் பதினாறு பேர் வரிசையாகத் தூங்குகிறார்கள். சென்னிமலையிலிருந்து எங்கள் அம்மா, அண்ணன், நாங்கள் நங்கையா என்று கூப்பிடுகிற அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். நாத்தனார் குடும்பம் ஐந்து பேர். கோயம்புத்தூர் சின்ன மாமனார் வீட்டார் நாலு பேர். அத்தையின் தங்கையும் அவருடைய வீட்டுக்காரரும். இருட்டில் யார் காலையோ மிதித்துவிட்டேன். யாருடையது என்று விடிந்ததும் தெரிந்துவிடும்.

இன்றைக்குத் தை இரண்டு. மற்ற ஊர்களில் மாட்டுப் பொங்கல். எங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கம் பட்டிப் பொங்கல். பட்டி என்றால் மாடு அடைக்கிற இடம்.

சரி, கட்டுத்தரைக்கு வந்துவிட்டோம், இனிச் சத்தமாகப் பேசலாம். இந்தப் பனியைப் பாருங்கள். சாணி போட்ட இடத்தில் எல்லாம் ஆவி பறக்கிறது. இந்தக் குளிரில் மாட்டின் வயிற்றை ஒட்டி நின்றுகொண்டால் போதும், ஸ்வெட்டர் வேண்டாம். மொத்தம் பதினொரு உருப்படி. எட்டு ஜெர்சி கலப்பு, இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு, அந்த ஓரத்தில் எங்களையெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்கிற காங்கேயம் மாடு ஒன்று. இப்போது கறவையில் இருப்பவை ஏழு.

எங்கள் வீட்டுக்காரர் மெஷினைக் கழுவுகிறார். அதற்குள் நான் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சை இந்தக் கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்துவிடுவேன். பாலில் திரி திரியாக ஏதாவது தெரிந்தால் மடிநோய் வரப்போகிறது என்று அர்த்தம். கறுப்பில்தான் அது தெளிவாகத் தெரியும். கறந்து முடித்ததும் காம்பை மருந்தில் முக்கி எடுப்போம். அதற்கப்புறம் தீவனம் போட்டு அரைமணி நேரமாவது மாட்டைப் படுக்க விடக்கூடாது. கறந்தவுடன் காம்புத் துளை திறந்தே இருக்கும். அப்படியே சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும்.

பெரிய மாடுகளை மெஷின் பார்த்துக்கொள்ளும். நான் இப்போது வெள்ளையம்மாவிடம் போகிறேன். காங்கேயம் மாட்டிடம் மெஷினைக் காட்டினால் எத்தி வீசிவிடும். முதலில் கன்றை அவிழ்த்து விட வேண்டும். நாலு காம்பையும் மாற்றி மாற்றிச் சப்பி, மடியைத் தலையால் ஒரு முட்டு முட்டும். அந்த முட்டு விழுந்தால்தான் பால் சுரக்கும். அப்புறம் கன்றைப் பிடித்துத் தாயின் முன்னால் கட்டிவிட்டால் அது கன்றை நக்கிக்கொண்டே நிற்கும். விரலில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். போசியில் விழுகிற முதல் பீச்சின் சத்தத்தைக் கேளுங்கள். சொர்ர். பாத்திரம் நிறைய நிறைய இந்தச் சத்தம் அடங்கிவிடும்.

கிடைப்பது வேளைக்கு ஒரு லிட்டர். ஒன்றரை கிடைத்தால் அன்றைக்கு மாமா முகத்தில் சிரிப்பு. கணக்குப் பார்த்தால் இந்த மாடு கட்டுபடியே ஆகாது. மாமாவிடம் அதைச் சொல்லிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கன்றின் நிறத்தைப் பார்த்தீர்களா, செம்மண் மாதிரி இருக்கிறதல்லவா? காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது இப்படித்தான் சிவப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் வெளுத்துச் சாம்பல் நிற மயிலை ஆகிவிடும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல், 'கன்று மாறிவிட்டது' என்று நான் அத்தையிடம் ஓடினேன். அந்தக் கதையை இந்த வீட்டில் ஒவ்வொரு நோம்பி, பண்டிகைக்கும் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார்கள். நேற்று ராத்திரியும் எடுத்தார்கள்.

மணி ஏழரை. சொசைட்டிக்குப் பால் போய்விட்டது. வீடு மொத்தமும் எழுந்துவிட்டது. அடுப்படியில் இன்றைக்குச் சீம்பால். நேற்று விடியற்காலையில் ரோஸி கிடேரிக் கன்று போட்டது. பிறந்த அரைமணி நேரத்துக்குள் கன்றுக்கு முதல் சீம்பாலைக் கொடுத்துவிட்டோம். நோயைத் தாங்குகிற சக்தி கன்றுக்கு அதில்தான் போகிறது, அந்த நேரத்தைத் தவற விட்டால் பிற்பாடு எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது. கன்று குடித்தது போக மீதிதான் நமக்கு. கொஞ்ச நாளைக்கு இந்தப் பாலைச் சொசைட்டியிலும் ஊற்ற முடியாது, காய்ச்சினால் திரிந்துவிடும். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அத்தை வேக வைத்திருக்கிறார். பன்னீர் மாதிரி கட்டியாகிவிட்டது. கோயம்புத்தூர்ப் பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கரண்டி வாங்கினான். இப்போது மூன்றாவது தடவையாக வட்டலை நீட்டுகிறான்.

அவன் காலையில் இன்னொன்றும் கேட்டான். "அத்தை, பாலை நீங்க எப்ப சூடு பண்ணுனீங்க?" கறந்த பால் சூடாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் பார்த்த பால் எல்லாம் ஃபிரிட்ஜிலிருந்துதானே வந்தது.

இந்தப் பதினாறு பேரும் ஏன் இங்கே வந்து படுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன். சென்னிமலை இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். நானும் இவரும் சேர்ந்து எங்கள் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. தலைத் தீபாவளிக்குப் போனோம். மத்தியானம் சாப்பிட்டதும் இவர் கையில் வண்டிச் சாவியோடு நின்றார். மூன்றரை மணிக்குக் கறக்க வேண்டும். எங்கள் அம்மா பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அண்ணன் கல்யாண ஆல்பத்தில் இவர் இல்லை. நாத்தனார் பெண்ணின் காதுகுத்துப் படத்தில் நான் இல்லை. யாராவது ஒருவர் கட்டுத்தரையில் நின்றாக வேண்டும்.

ஒரே ஒரு தடவை துணிந்தோம். போன ஆவணியில் ஒரு வரவேற்பு. மாலைக் கறவைக்கு ஓர் ஆளைச் சொல்லி முன்பணமும் கொடுத்திருந்தோம். ஆள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. விஷயம் தெரிந்து நாங்கள் ஓடி வந்தபோது மணி எட்டு. மாடுகள் எல்லாம் மடி கனத்துக் கத்திக்கொண்டு நின்றன. மறுநாள் காலையில் ராணி என்கிற மாட்டின் கறுப்புக் கிண்ணத்தில் திரி. ஒரு காம்பு கல்லாகிவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டார். கூடவே கற்றாழை வைத்தியமும் செய்தோம். கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய முறை அது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைத்து, தண்ணீர் கலந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடியில் பூச வேண்டும். ஐந்து நாள் பூசினேன். மஞ்சள் கையோடு இருந்த என்னைப் பார்த்து, வீட்டில் ஏதாவது சடங்கா என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டார். காம்பு தேறியது. ஆனால் ராணி பழைய அளவுக்குப் பாலுக்கு வரவே இல்லை.

அன்றைக்குத்தான் எங்கள் அம்மா சொன்னது: "நீங்க வர வேண்டாங் கண்ணு, நாங்களே வந்துடறோம்."

வருஷத்தில் இந்தத் தை மாதம்தான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடுகிற காலம். மழை ஓய்ந்திருக்கும், தீவனம் இருக்கும், மாடும் நன்றாகத் தின்னும். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள், கட்டுத்தரை முழுக்கச் சேறு. பச்சைப் புல்லாகத் தின்று பால் கூடும், ஃபேட் என்கிற கொழுப்பு இறங்கிவிடும். லிட்டர் ஏறியும் பணம் ஏறாது. சித்திரை வெயில் நம் ஊர் ஜெர்சிக்கு ஆகவே ஆகாது. மத்தியானம் வாயைத் திறந்து நாய் மாதிரி இளைக்கும். தண்ணீர் தெளித்து, ஃபேன் போட்டு, தீவனத்தை விடியற்காலைக்கும் ராத்திரிக்கும் மாற்றியும், போன சித்திரையில் ஒரு வேளைக்கு மொத்தமாக ஆறு ஏழு லிட்டர் குறைந்துவிட்டது. வெள்ளையம்மாவுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்து நெத்தையும் தின்றுகொண்டு நிற்கும். மாமா அப்போது என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார். கட்டுபடியாகாது என்று நான் மனதுக்குள் நினைப்பது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சோளத்தட்டுப் போரின் தலையைப் பிய்த்து இட்டேரி வண்டித்தடம் முழுக்க இறைத்துவிடும். தண்ணீர்க் கதையைக் கேட்கவே வேண்டாம். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தை நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். முறை வராத காலத்தில் கிணறும் போர்வெல்லும்தான் கதி. தீவனச் சோளத்துக்குப் பாய்ச்சுவதா, தென்னைக்குப் பாய்ச்சுவதா என்று அப்பாவுக்கும் மகனுக்கும் நடக்கிற பஞ்சாயத்தைத் தனி வீடியோவாகவே போடலாம்.

சரி, பட்டிக்கு வாருங்கள். மத்தியானத்திலிருந்து பிள்ளைகள் ராஜ்யம். கொம்புக்கு வர்ணம் அடிக்கப் பெரிய சண்டை. எங்கள் கலப்பு மாடுகளுக்குக் கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிட்டோம். இருப்பதே வெள்ளையம்மாவின் இரண்டு கொம்புகள். ஏழு பிள்ளைகள். கடைசியில் ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு என்று தீர்ப்பாகி, கோயம்புத்தூர்ப் பையனின் சட்டைக்கு இரண்டும் கிடைத்தது. எல்லா மாட்டுக்கும் புதுத் தலைக்கயிறு. ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ சேர்த்துக் கட்டிய மாலை. அதையும் ரோஸி தின்றுவிட்டது.

இப்போது ராத்திரி ஒன்பது மணி. சாயங்காலம் நடந்ததைப் போனை ஓரிடத்தில் வைத்து எடுத்தேன், அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். பட்டிக்குள் மாமா கட்டியிருக்கிற சின்னச் சதுரம் தெப்பக்குளம். சாணியால் கரை, உள்ளே தண்ணீரும் கொஞ்சம் பாலும். பக்கத்தில் சாணிப் பிள்ளையார், தலையில் அருகம்புல். மூன்று பானையும் பொங்கி வழிந்தன. படைத்து முடிந்ததும் கன்றை ஓட்டி வந்து தெப்பக்குளத்தை மிதிக்க விட வேண்டும். போன வருஷம் கன்று வேறு பக்கம் ஓடியது. இந்த வருஷம் வெள்ளையம்மாவின் கன்று நேராக வந்து, நடுவில் நின்று, சாவகாசமாக மூத்திரம் பெய்துவிட்டுப் போனது. அத்தை ஒரு நொடி திகைத்தார். "கோமியந்தானே, நல்லதுதான் போ" என்று எங்கள் அம்மா சொன்னதும் எல்லாருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் மாமா வேப்பிலையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே முன்னால் போக, பிள்ளைகள் வட்டலைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். "பொங்கலோ பொங்கல்! பட்டி பெருக! பால் பானை பொங்க! நோவும் பிணியும் தெருவோடு போக!" எங்கள் அண்ணன் கத்தியதில் நாளைக்குத் தொண்டை கட்டப்போகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாட்டுக்குப் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டாதீர்கள். ஒரு கைப்பிடி, வாழைப்பழத்தோடு, அவ்வளவுதான். அரிசிச் சோறு அதிகமானால் வயிற்றில் அமிலம் ஏறி, அசை போடுவது நின்று, மாடு படுத்துவிடும். விருந்தாளிகள் ஆளுக்கு ஓர் இலை என்று கொண்டுபோய்க் கொடுப்பதுதான் ஆபத்து, ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் இன்றைக்குப் பானைப் பக்கத்தில் என் மகளைக் காவலுக்கு வைத்தேன். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் 1962க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

சாப்பாடும் முடிந்தது. அரசாணிக்காய், அவரைக்காய், மொச்சை என்று ஒரு பெரிய குழம்பு, பச்சரிசிப் பொங்கல், கட்டித் தயிர். நாளைக்குக் கறி, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு அத்தை இப்போதே தூக்குப்போசிகளை வரிசையாகக் கழுவி வைத்துவிட்டார், யாருக்கு நெய், யாருக்குத் தயிர் என்று கணக்கு அவர் மனதில் இருக்கிறது.

அப்புறம் போட்டோ. போன வீடியோவில் நிறையப் பேர் குடும்பப் படம் போடச் சொல்லியிருந்தீர்கள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, வெளிச்சம் போவதற்குள் என்று எல்லாரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். நோம்பி நாள் என்பதால் சொசைட்டியில் வரிசை நீளம், இவர் இன்னும் வரவில்லை. காத்திருந்தால் இருட்டிவிடும் என்று எடுத்துவிட்டோம். படத்தில் எங்கள் அம்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் கோயம்புத்தூர்ப் பையன், பக்கத்தில் அத்தை. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மாமாவின் தோளுக்குப் பின்னால், இட்டேரியில், ஒரு வண்டி வெளிச்சம் சின்னதாகத் தெரியும். அதுதான் இவர். காலிக் கேனோடு வந்துகொண்டிருக்கிறார்.