வெள்ளையா முளைச்ச நெல்

நேயர்களே வணக்கம். நான் சென்னையில ஒரு காலேஜ்ல பாட்டனி சொல்லித் தர்றேன். எங்க லேப்ல வருஷா வருஷம் ரெண்டு தட்டுல நெல்லு முளைக்க வைப்போம், ஒண்ணுல வெறும் தண்ணி, இன்னொண்ணுல ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தண்ணி, டிபிக்கு ஊசி போடுவாங்களே அதே மருந்துதான். முதல் தட்டு பச்சைப் பசேல்னு வரும். ரெண்டாவதுலயும் முளைக்கும், வேர் விடும், ஆனா நாத்து வெள்ளை நூல் மாதிரி நிக்கும்.

கிருமிய அடிக்கிற மருந்து பயிரோட பச்சையை ஏன் எடுக்குது? பச்சையம் இருக்கிற குளோரோபிளாஸ்ட்டே ஒரு காலத்துல தனியாத் திரிஞ்ச பாக்டீரியா, நூறு கோடி வருஷத்துக்கும் முன்னாடி இன்னொரு செல்லுக்குள்ள போய் அங்கேயே தங்கிடுச்சு, போகும்போது புரதம் செய்ற ரைபோசோமையும் கூடவே கொண்டு போயிடுச்சு. அதே இலை செல்லுல, குளோரோபிளாஸ்ட்டுக்கு வெளிய இருக்கிறது 80எஸ் ரைபோசோம், உள்ள இருக்கிறது பாக்டீரியா மாதிரியே 70எஸ். அதுல 50எஸ், 30எஸ்னு ரெண்டு துண்டு. கூட்டினா 80 வருதேன்னு பசங்க கேப்பாங்க, எஸ்ங்கிறது எடை இல்லப்பா, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தினா எவ்ளோ வேகமா அடியில இறங்குதுங்கிற கணக்கு, அதைக் கூட்ட முடியாது.

ஸ்ட்ரெப்டோமைசின் ஒட்டுற இடம் அந்த 30எஸ். அங்க ஒட்டினா ரைபோசோமால ஒழுங்கா புரதம் செய்ய முடியாது, பாக்டீரியாவுக்கு ஆகிறதுதான் குளோரோபிளாஸ்ட்டுக்கும் ஆகுது, பச்சை வராது. நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2000ல பாக்டீரியாவோட 30எஸ் எப்படி இருக்குன்னு அணு அணுவா காட்டினார், 2009ல நோபல் வாங்கினவங்க மூணு பேர்ல அவரும் ஒருத்தர். அப்புறம் ஸ்பினாச் கீரையோட குளோரோபிளாஸ்ட் ரைபோசோமை விஞ்ஞானிங்க உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. அடிப்படை அதே பாக்டீரியா கட்டுமானம்தான், ஆனா 50எஸ் துண்டுக்குள்ள இருக்கிற 23எஸ்ங்கிற ஆர்என்ஏ இழையோட வால் அறுந்து 4.5எஸ்னு தனித் துண்டா நிக்குது, பாக்டீரியாவில இல்லாத சில புரதங்களும் புதுசா வந்து ஒட்டியிருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது பிஒய்னு ஒரு புரதம், புரதம் கட்ட அமினோ அமிலத்தைத் தூக்கிட்டு வர்ற டிஆர்என்ஏ வந்து உக்கார வேண்டிய இடத்துல இது உக்காந்து ரைபோசோமைத் தூங்க வச்சிடுது, கடைக்கு ஷட்டர் போட்ட மாதிரி.

வேலை நேரத்துல பாருங்க, மே மாச மத்தியானம் மாடியில முருங்கை நிக்குதே, அந்த வெயில்ல ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1ங்கிற புரதம் உடைஞ்சுக்கிட்டே இருக்கும், இந்த ரைபோசோம் புதுசு செஞ்சு மாத்திக்கிட்டே இருக்கும். அந்த வெள்ளை நாத்துக்கு அந்த வழியே இல்ல. நெல்லுக்குள்ள இருக்கிற மாவு தீர்ற வரைக்கும் நிக்கும், அப்புறம் சாஞ்சிடும்.