குறுக்காகப் படிக்க வேண்டிய நூல்

[திரையில்: ஒற்றை மூங்கில் கீற்று, மிக அருகில்]

இந்தக் கீற்றைப் பாருங்கள். அகலம் ஒரு விரல்கூட இல்லை. பச்சை மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் காட்டி ஈரம் போக்கி, அதன்மேல் தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதுவார்கள். பிழை வந்தால் சிறு கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதுவார்கள். இப்படிப் பல கீற்றுகளைக் கயிற்றால் கோத்தால் ஒரு சுருள். பழைய சீனத் தத்துவம் பெரும்பாலும் இவற்றில்தான் வாழ்ந்தது. கயிறு இற்றுவிட்டால் எது முன், எது பின் என்பதே தெரியாது.

[திரையில்: எரியும் சுருள்கள், ஓவியம்]

அந்த நூல்கள் எப்படி அழிந்தன என்று கேட்டால் எல்லோரும் சொல்வது கி.மு. 213. அமைச்சர் லி சு யோசனை சொல்ல, சின் பேரரசர் நூல்களை எரிக்கச் செய்தார். மருத்துவம், குறிசொல்லுதல், வேளாண்மை நூல்கள் தப்பின. அரசவை அறிஞர்களின் பிரதிகளுக்கும் விலக்கு இருந்தது. கி.மு. 191இல் தடையே நீங்கிவிட்டது. தீயின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என்னை அதிகம் வாட்டுவது, தீயே படாமல் மங்கிப்போன நூல்தான்.

[திரையில்: மோசி]

அது மோசி என்ற பழைய சீனச் சிந்தனையாளரின் பெயரிலேயே வழங்கும் நூல். மோசி அடுத்தவர் நாட்டின்மேல் படையெடுப்பதைக் கண்டித்தவர். தன்னவர், பிறர் என்று பாராமல் அன்பு காட்டச் சொன்னவர். கன்பூசியஸ் வழியும் மோசி வழியும்தான் நாட்டில் ஓங்கி நிற்கின்றன என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் எழுதினார். பிறகு கி.மு. 136இல் ஹான் பேரரசர் வூ, கன்பூசிய மரபின் ஐந்து நூல்களுக்கு அரசுப் பேராசிரியர்களை அமர்த்தினார். பதவிக்கு வழி அந்த ஐந்தும்தான் என்று ஆகிவந்தது. மோசியைப் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? படிப்பவர் குறைந்தார்கள், படி எடுப்பவர்களும் குறைந்தார்கள். ஹான் காலத்து நூல் பட்டியலில் மோசி நூலுக்கு 71 அத்தியாயங்கள் இருந்தன. இன்று இருப்பவை 53. தாவோ சமயத்தார் தங்கள் பெருந்தொகுப்பில் சேர்த்துவைத்ததால் அவையாவது கிடைத்தன.

[திரையில்: மேல் வரிசை, கீழ் வரிசை, அம்புக்குறிகள்]

கிடைத்ததிலும் ஒரு சிக்கல். தருக்கம் பேசும் பகுதியை மோசியின் வழிவந்தவர்கள் இரண்டு வரிசையாக எழுதியிருந்தார்கள்: மேல் வரிசையை முழுதும் படித்துவிட்டு, கீழ் வரிசைக்கு வர வேண்டும். பின்னாளில் படி எடுத்தவர்கள் அது தெரியாமல் மேலும் கீழுமாகச் சேர்த்தே எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பில்லாமல் போயிற்று. "இந்நூலைக் குறுக்காகப் படிக்கவும்" என்ற குறிப்பையும் அவர்கள் நூலின் வாசகம் என்றே எண்ணி, பொருள் புரியாமல் விசுவாசமாக எழுதிவைத்தார்கள். அந்த விசுவாசத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1783இல் மோசி நூலைப் பதிப்பித்த சீன அறிஞர் பி யுவான் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தருக்கப் பகுதியின் முதல் பிரிவை மீண்டும் இரண்டு வரிசையாகப் பிரித்தார். வரிகள் தத்தம் இடத்துக்குத் திரும்பின. அவற்றில் ஒன்று வட்டத்துக்கு விளக்கம் தருகிறது: ஒரே நடு, அதிலிருந்து எங்கும் ஒரே நீளம்.